மூன்று முறையும் விழாத படம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரியில், நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பெண். புதுக் கேமரா வந்திருக்கிறதாம். நாம் படம் எடுத்து, அதை டாக்டர் பார்த்து, பிறகு முடிவு சொல்வதெல்லாம் இனிமேல் இல்லையாம். எடுத்த மாத்திரத்தில் கேமராவே படத்தைப் பார்த்து, சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுமாம். திறப்பு விழா வைக்கிறார்கள்.

"மேடம், நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும். மொதக் கேமரா வந்தப்ப, அம்பது வயசுக்கு மேல எப்படி அதக் கத்துக்கிட்டிய, எப்படி அவ்வளவு நல்ல படமா எடுத்தியன்னு சொன்னா எங்களுக்கும் ஒரு உற்சாகமா இருக்கும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. உற்சாகமாகப் பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பேச வேண்டியதை அந்த மேடையில் பேச விடமாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பழியை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

நான் கண் மருத்துவ உதவியாளர். வீரகேரளம்புதூர் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். மூத்த அண்ணன் போலீஸுக்குப் போனான், இளையவன் பட்டாளத்துக்குப் போனான். வீட்டில் ஒருவனுக்கு லத்தி, ஒருவனுக்குத் துப்பாக்கி, எனக்கு டார்ச் லைட் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். மதுரையில் இரண்டு வருடம் படித்தேன். எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையை அளப்பது, கண்ணாடி பவர் போடுவது, கண் அழுத்தம் பார்ப்பது, சொட்டு மருந்து விடுவது. படித்து முடித்ததும் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை இங்கேயேதான். பாதி நாள் ஆஸ்பத்திரியில், பாதி நாள் வேனில், ஊர் ஊராகக் கண் முகாம்.

கேமரா வருவதற்கு முன்னால் எங்கள் முறை எளிமையானது. சர்க்கரை இருக்கிறவர்கள் வந்தால் பலகையைப் படிக்கச் சொல்வேன். கண்ணாடி போட்டும் பார்வை குறைந்தால், அல்லது டார்ச் அடிக்கும்போது உள்ளே சரியாகத் தெரியாவிட்டால், ஒரு சீட்டு எழுதித் தென்காசியில் இருந்த எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். எனக்குத் தெரியவில்லையா, டாக்டர் பார்க்கட்டும். இதற்கு மேல் அதில் சட்டம் ஒன்றும் கிடையாது. அனுப்பியதில் பாதிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. டாக்டர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

பிறகு ஒரு அறக்கட்டளை எங்களுக்குக் கேமரா கொடுத்தது. கண்ணின் உட்சுவரை, அதாவது விழித்திரையை, அப்படியே படம் பிடிக்கிற கேமரா. அதைச் சொல்லித்தர பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்தான். டை கட்டியிருந்தான். இரண்டு நாள்தான் இருப்பேன் என்றான். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் செல்போன் விளையாட்டு விளையாடுகிற வேகத்தில் அன்று மத்தியானமே கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கப் போய் சேனலை மாற்றிவிடுகிற ஆள். முதல் நாள் நான் எடுத்த படங்களில் பாதி கண் இமை, மீதி இருட்டு.

அந்தக் கேமராவில் கைப்பிடி ஒன்று உண்டு. அதை முன்னால் தள்ளினால் லென்ஸ் கண்ணை நெருங்கும், இழுத்தால் விலகும், திருகினால் ஏறி இறங்கும். நோயாளியின் கண் கொஞ்சம் அசைந்தால்போதும், திரையிலிருந்து காணாமல் போய்விடும். நான் கைப்பிடியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஆட்டிக்கொண்டே இருப்பேன். அந்தப் பையன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "மேடம், கண்ணைத் துரத்தாதீங்க. கண்ணு வரும்." இரண்டு நாளில் அவன் சொன்னதிலேயே உருப்படியானது அதுதான். மற்றதெல்லாம் இங்கிலீஷில் சொன்னான்.

அவன் போனபிறகு நான் கற்றுக்கொண்டது எங்கள் வேன் டிரைவர் முருகையா அண்ணாச்சியின் கண்ணில். மேலகரத்துக்காரர். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத மனிதர். தினமும் வண்டியை நிறுத்தியதும் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். மோவாயைக் கேமராவின் முன்னால் இருக்கிற தாங்கியில் வைக்க வேண்டும். நெற்றியைப் பட்டையில் ஒட்ட வேண்டும். கறுப்புத் திரையை இழுத்துவிட்டு இருட்டில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இருட்டில்தான் கண்ணின் நடுவே இருக்கிற பாப்பா விரியும். கேமராவுக்குள் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வரும். அவை சின்னதாகி, கூர்மையாகி நிற்கும்போது மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்த வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். உடனே அடுத்த கண்ணுக்குப் போகக் கூடாது. வெளிச்சத்தில் பாப்பா சுருங்கிப் போயிருக்கும். நான் முதலில் செய்த தப்பு அதுதான். வலது கண் நன்றாக வரும், இடது கண் ஓரமெல்லாம் இருண்டு வரும். ஆறவிட்டு எடுக்க வேண்டும் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"சிஸ்டர், எங்கண்ணுக்குள்ள புதையல் ஏதும் கெடக்கா? தெனமும் தோண்டுதிய" என்பார் அண்ணாச்சி.

ஒரு நாள் அவருடைய வலது கண் படத்தில் முழுசாக விழுந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டிலிருந்து கிளம்பி நாலா பக்கமும் ஓடுகிற ரத்தக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் எங்கே பிரிகிறது என்று தெரிந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதா என் கண்ணு? பப்பாளிய வெட்டி வச்ச மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தக் கேமராவின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கென்று சில சங்கதிகளை நானேதான் கண்டுபிடித்தேன். பெங்களூர்ப் பையனுக்கு குற்றாலம் தெரியாது. சீசன் சமயத்தில் முகாம் போட்டால், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நேரே வந்து உட்காருவார்கள். தலையில் தேய்த்த எண்ணெய் முழுதும் போயிருக்காது. நெற்றிப் பட்டை வழுக்கும். கண் சிவந்து கிடக்கும். சாரல் காற்றில் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். வேனில் ஏசியைப் போடாமல், கேமராவின் உறையை முதலிலேயே கழற்றிவைத்து, அந்தக் காற்றுக்கு அது பழகியபிறகே வேலையை ஆரம்பிக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இன்னொன்றும் உண்டு. கண்ணைத்தான் எடுக்கப் போகிறோம் என்று எத்தனை தரம் சொன்னாலும், போட்டோ என்றால் எங்கள் ஜனங்கள் அலங்காரம் செய்துகொண்டுதான் வருவார்கள். தலையைப் படிய வாரி, பவுடர் போட்டு, பூ வைத்து வருவார்கள். மை தீட்டி வந்தால் நான்தான் துடைத்துவிட வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும்போது சில பேர் சிரிக்கவும் செய்வார்கள்.

இனி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் முகாம் டாக்டர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எவ்வளவு கிழிந்த வேட்டியோடு வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். சாப்பாட்டுப் பொட்டலத்தை டிரைவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதைப் பிரிப்பார். எரிந்துவிழுகிற டாக்டர்களிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திருப்பிக் கத்திவிடலாம். இவரிடம் முடியாது. மாட்டேன் என்பதைக்கூட "நாம" என்று சேர்த்துக்கொண்டுதான் சொல்வார். "நாம இத ஏத்த வேண்டாம் சிஸ்டர்." "நாம இவங்கள அடுத்த முகாம்ல பாத்துக்கிடுவோம்." அந்த "நாம"வுக்குள் என்னையும் இழுத்துப் போட்டுவிடுவார்.

சாயங்காலம் முகாம் முடிந்ததும் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கேமரா லென்ஸுக்கென்று வாங்கிய மெல்லிய தாளில் துடைத்துப் போட்டுக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவார். நன்றாக விழுந்த படம் வந்தால் சுண்டுவிரலால் திரையைத் தட்டி, "அழகு" என்பார். நோய் முற்றிய கண்ணாக இருந்தாலும், படம் தெளிவாக இருந்தால் "அழகு"தான். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு, யாருக்கோ பார்வை போகப் போகிறது, இவர் அழகு என்கிறாரே என்று தோன்ற ஆரம்பித்தது.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மாதா மாதம் அறக்கட்டளைக்காரர்கள் அதைத் திறந்து, எத்தனை படம் தெளிவு, எத்தனை படம் தெளிவில்லை என்று பார்ப்பார்கள். தெளிவில்லாதது கூடினால் கேமராவைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று அர்த்தமாம். வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் டாக்டர் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். விழாத படத்தை ஏற்ற வேண்டாம். அந்த ஆளை அடுத்த முகாமுக்கு வரச் சொன்னால் போதும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படம் ஏன் விழாது என்று யோசித்துப் பாருங்கள். எடுக்கிறவளுக்குக் கை ஆடினால் விழாது. நோயாளி கண்ணை மூடினால் விழாது. லென்ஸில் ஆவி படிந்தால் விழாது. இதெல்லாம் சரியாக இருந்தும் விழவில்லை என்றால், அந்தக் கண்ணுக்குள் வெளிச்சம் போக வழியில்லை. புரை விழுந்திருக்கலாம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். முதலில் அனுப்ப வேண்டியது அந்த ஆளைத்தான். பழைய முறையில் நான் கேள்வி கேட்காமல் சீட்டு எழுதியது அந்த ஆளுக்குத்தான். புதிய முறையில், நல்ல கண்ணெல்லாம் அழகாகக் கணக்கில் ஏறியது, கெட்டுப்போன கண் கணக்குக்கே வராமல் வீட்டுக்குப் போனது.

இசக்கியம்மாளை நான் முதலில் பார்த்தது மேலகரம் முகாமில், ஒரு கல்யாண மண்டபத்தில். பீடி சுற்றுகிறவள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். சர்க்கரை வந்து பல வருடமாயிற்று. முகத்தில் பவுடர் கழுத்து வரைக்கும் வந்து நின்றிருந்தது. கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"கண்ணத்தாம்மா எடுக்கப் போறோம். மூஞ்சி விழாது" என்றேன்.

"தெரியும் டாக்டரம்மா. இருந்தாலும் போட்டோல்லா. சும்மா வந்து உக்கார முடியுமா?"

"நான் டாக்டரம்மா இல்ல."

"அது இருக்கட்டும்."

என்ன தொந்தரவு என்று கேட்டேன். "பீடி இலையில நரம்பு தெரிய மாட்டேங்கு. கைப்பழக்கத்துல வெட்டுதேன். நூலு சுத்துததும் சரியா விழல்ல. கடையில பாதியக் கழிச்சுப் போடுதாவ" என்றாள். வேறு வேலை தெரியுமா என்று கேட்டதற்கு, எட்டு வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள், வேறு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டாள். அவள் சாப்பாடு அந்தக் கண்ணில் இருந்தது. எனக்கு அது அன்றே தெரியும்.

வலது கண் எடுத்தேன். மூட்டமாக இருந்தது. ஆறவிட்டு மறுபடி எடுத்தேன். அதே மூட்டம். டாக்டரிடம் போய், "பாப்பா விரியச் சொட்டு விட்டுப் பாக்கட்டுமா சார்?" என்றேன். "சாயங்காலம் ஆயிட்டு சிஸ்டர். சொட்டு விட்டா அவங்க மங்கலா வீட்டுக்குப் போவணும். நாம அடுத்த முகாம்ல பாத்துக்கிடுவோம்" என்றார்.

படம் சரியாக விழவில்லை, அடுத்த மாதம் குற்றாலத்தில் முகாம் இருக்கிறது, அங்கே வா என்று இசக்கியம்மாளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. வெட்கப்பட்டாள்.

"எம் மூஞ்சிக்கு எப்பமும் இப்படித்தாம்மா. கல்யாணத்துல எடுத்த போட்டோலயும் கண்ண மூடிட்டுத்தான் நிக்கேன்."

குற்றாலத்துக்கும் வந்தாள். அன்று நல்ல சாரல். சொட்டு விட்டு, காத்திருந்து எடுத்தேன். விழவில்லை. ஆனால் அன்று யாருக்குமே ஒழுங்காக விழவில்லை. லென்ஸைத் துடைப்பதற்குள் அடுத்த ஆவி. நான் சாரலைத் திட்டினேன். மழைதான் காரணம் என்று நானே அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. "அப்பம் நான் கண்ண மூடல்லல்லா?" என்று கேட்டாள். இல்லை, நன்றாகத்தான் திறந்திருந்தாய் என்றேன். பூவிலெல்லாம் ஈரம் சொட்ட, பஸ் ஏறிப் போனாள்.

மூன்றாவது ஆலங்குளம். மேலகரத்திலிருந்து தென்காசிக்கு வந்து, அங்கே பஸ் மாறி வந்திருந்தாள். வெயில் அடித்தது. லென்ஸ் சுத்தமாக இருந்தது. அவளுக்கு முன்னால் வந்தவருக்குப் படம் துல்லியமாக விழுந்திருந்தது. இவள் உட்கார்ந்தாள். வலது கண்ணில் ஒன்றுமே இல்லை, கறுஞ்சிவப்பாக ஒரு இருட்டு. இடது கண்ணில் மூட்டம். சொட்டு விட்டு எடுத்தேன். அதேதான். வெளியே போய் முருகையா அண்ணாச்சியைக் கூப்பிட்டு வந்தேன். அதே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன். பப்பாளி பளிச்சென்று விழுந்தது. கேமராவில் கோளாறு இல்லை, என் கையிலும் இல்லை.

டாக்டரிடம் போனேன். வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"சார், அந்தம்மாவுக்கு மூணாவது தடவயும் விழல்ல. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்னு தோணுது. இப்பமே அனுப்பணும்."

"அடுத்த முகாம்ல..."

"அடுத்த முகாம்னு சொல்லித்தான் இங்க வந்திருக்கா. நீங்களே ஒரு தடவ உள்ள பாருங்க சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தா எழுதணும் சிஸ்டர். எழுதப் போனா கம்ப்யூட்டர் படத்தக் கேக்கும்."

"படம் விழல்லன்னே ஏத்துங்க."

"இந்த மாசம் தெளிவுக் கணக்கு ஏற்கெனவே எறங்கிக் கெடக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்கியளா? இந்தக் கேமரா போச்சுன்னா நாளைக்கு இந்த ஜனங்களுக்கு யாரு பாக்கா?"

"இந்த ஜனங்கன்னா யாரு சார்? இசக்கியம்மா அதுல சேத்தி இல்லையா?"

அவர் லென்ஸ் தாளை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஒரு மாசந்தான். மேலகரத்துல அடுத்த முகாம் போடும்போது மொத ஆளாப் பாத்துருவோம்" என்றார். அவர் தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்தேதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் பழைய வழக்கப்படி கையால் ஒரு சீட்டு எழுதி இசக்கியம்மாளிடம் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் தென்காசியில் எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, இதைக் காட்டு, உடனே பார்ப்பார்கள் என்றேன். அவள் போயிருக்கிறாள். கவுன்டரில் சீட்டைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டியிருக்கிறார்கள். முகாமிலிருந்து வருகிறவர்களுக்குப் படத்தின் நம்பர் இருக்க வேண்டும். இவளுக்கு இல்லை. "ஒங்க போட்டோவே வரலையேம்மா, அடுத்த முகாம்ல எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் அன்று வீரகேரளம்புதூர் முகாமில் இருந்தேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அவளிடமும் சண்டை போடுகிற குணம் கிடையாது. போட்டோ இன்னும் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மேலகரத்தில் போட வேண்டிய முகாம் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தள்ளிப்போனது.

அந்த வருடம் அறக்கட்டளைக்காரர்கள் எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். படங்களின் தரத்துக்காக. டாக்டர் என்னையும் மேடைக்கு அழைத்தார். என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, "எல்லாம் இந்தக் கை எடுத்த படம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். எங்களைச் சேர்த்து நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். அது ஒரே தடவையில் நன்றாக விழுந்தது.

அதற்கடுத்த வாரம் வேனில் போகும்போது முருகையா அண்ணாச்சி சொன்னார். "சிஸ்டர், பவுடர் போட்டுட்டு வருவால்லா, இசக்கியம்மா. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. ரெண்டு கண்ணும் போச்சாம்."

இலை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பு நூல் மிதப்பது மாதிரி தெரிந்திருக்கிறது. பீடி நூல்தான் கண்ணில் பட்டுவிட்டது என்று தட்டிவிட்டிருக்கிறாள். பிறகு திரை இறங்கியது மாதிரி ஆகிவிட்டது. மகள் வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே பார்த்தவர்கள், கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஒரு கண்ணையாவது வைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தித்தான் வந்தாள். மூன்று தடவை வந்தாள், பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. வேன் ஏறும்போது மட்டும், "நாம என்ன செய்ய முடியும் சிஸ்டர்" என்றார். நான், "நாம இல்ல சார்" என்றேன். அதற்குமேல் அவரோடு வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. கொஞ்ச நாளில் நானும் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நான் அதை மாட்டவில்லை.

இசக்கியம்மாளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். மேலகரம் வழியாகத்தான் குற்றாலம் பஸ் போகிறது. அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். என்ன முகத்தோடு போவது என்றிருந்தது.

பிரியா மறுபடியும் போன் செய்தாள். வருகிறீர்களா மேடம், அழைப்பிதழில் பெயர் போட வேண்டும் என்றாள். நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஏட்டி, படம் விழல்லன்னா அந்தப் புதுக் கேமரா என்ன சொல்லும்?"

"'மறுபடியும் எடுக்கவும்'னு வரும் மேடம்."

"மறுபடியும் எடுத்து, அதுலயும் விழல்லன்னா?"

"அப்பமும் அதேதான் வரும். ஆளு நெறைய நின்னா, அவங்கள அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்லிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"நம்ம முகாம் டாக்டர் சார்தான்."

"அந்த ஆள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி இல்லையா அதுல?"

"படம் இருந்தாத்தான் மேடம் அனுப்ப முடியும். இல்லன்னா கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கமே தெறக்காது" என்றாள்.

விழாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபமா மேடம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன்மேல் இல்லை என்றும் சொன்னேன். விழாத படம் ஒவ்வொன்றுக்கும் ஆள் பெயரை எழுதி நீயே கூட்டிக்கொண்டு போ, வேலை போனாலும் போகட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் சொல்வதற்கு அது ரொம்பச் சுலபமான வார்த்தை. சொல்லவில்லை.

திறப்பு விழா அன்று காலையில் பஸ் ஏறி, மேலகரம் நிறுத்தத்தில் இறங்கினேன். முருகையா அண்ணாச்சி வந்து வீட்டைக் காட்டிவிட்டுத் தெருவிலேயே நின்றுகொண்டார். இசக்கியம்மாள் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு இல்லை. கை இரண்டும் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. மெலிந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி, "யாரு?" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "நாந்தாம்மா. கண்ணுக்கு போட்டோ எடுக்க வருவேன்லா, முகாம்ல" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "டாக்டரம்மாவா? என்னால ஒங்களுக்கு எத்தன தடவ செரமம்" என்றபடி எழுந்தாள். சுவரைத் தடவித் தடவி உள்ளே போனாள். அலமாரியில் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. சீப்பும் பவுடர் டப்பாவும் கீழே விழுந்து உருண்டன. உள்ளே இருந்தே சொன்னாள்:

"ஒரு நிமிசம் இருங்கம்மா, தலையச் சீவிட்டு வந்துருதேன். இந்தத் தடவ விழுந்துரும்."